மூன்று எண்களில் பெரியது

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். பாடத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தானே பரீட்சையில் கேட்க வேண்டும்? மூன்று எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்க ரெக்கார்டு நோட்டில் ஒரு புரோகிராம் இருக்கிறது. பிள்ளை அதை ஓர் எழுத்துப் பிசகாமல் படித்துக்கொண்டு போகிறது. அங்கே போய் உட்கார்ந்தால், பெரியது வேண்டாம், சிறியதைக் கண்டுபிடி என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலோரம் வேண்டுமானால் நீங்கள் வாருங்கள், எனக்கு வெயில் ஆகாது. திருநெல்வேலி வரைக்கும்தானே? நானும் அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். திருச்செந்தூர் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். மிஷன் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எமிலி டீச்சர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

என் மகள் பெர்சிஸ் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறாள். முதல் வருஷம். அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டில் மனப்பாடம் என்பது பரம்பரைச் சொத்து. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி வைப்பார்கள். வேத வசனங்களை அதிகாரம் அதிகாரமாக ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் மணி அடித்துவிடுவார்கள். மேடையைவிட்டு இறங்க வேண்டியதுதான். என் அம்மாவுக்கு மணி அடித்ததில்லை. எனக்கு அடித்ததில்லை. பெர்சிஸுக்கும் அடித்ததில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் பழக்கியிருக்கிறேன். கையைக் கட்டிக்கொள், கண்ணை மூடிக்கொள், மூடினால் பக்கம் தெரியும், தெரிகிறதை அப்படியே சொல். தப்பினால் விரல் முட்டியில் ஒரு சுண்டு. அடி இல்லை, சுண்டு. அடிக்கும் சுண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்படிப் பழகிய பிள்ளை. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தாள். உடம்பில் இருக்கிற எலும்புகளை எல்லாம் உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். டாக்டராகிவிடுவாள் என்றுதான் இருந்தோம். ஆனால் அந்த நுழைவுத் தேர்விலும் கேள்வியைத் திருகித் திருகித்தானே கேட்கிறார்கள்? மார்க் வரவில்லை. கவுன்சலிங்குக்குப் போனபோது கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்தோம்.

"யம்மா, எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியாதே" என்றாள்.

"தெரியாததத்தானட்டி படிக்கப் போற. தெரிஞ்சதப் படிக்க எதுக்குக் காலேஜி?"

"மத்த பிள்ளைங்க ஸ்கூல்லயே படிச்சிட்டு வருவாவம்மா."

"ஒனக்கு மனப்பாடம் ஆகாததுன்னு ஒண்ணு இருக்கா? இருந்தா சொல்லு பாப்போம்."

அவள் பதில் சொல்லவில்லை. பதில் இல்லையென்றால் சம்மதம்தானே? இவள் அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவர்தான், "அவளுக்கு என்ன ஆசன்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். கேட்க என்ன இருக்கிறது? ஆசை என்று ஒன்று இருந்தால் பிள்ளையே வாயைத் திறந்து சொல்லியிருக்காதா?

சேர்த்துவிட்டு வந்த முதல் வாரம் போன் வந்தது. லேபில் எல்லாரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பினார்களாம். இவளும் முன்னால் இருந்த ஸ்கிரீனை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். "அணைக்காம போற?" என்று பக்கத்துப் பையன் கேட்டிருக்கிறான். "அணைச்சிட்டேனே" என்றிருக்கிறாள். கீழே ஒரு பெட்டி இருக்கிறதாம், அதுதான் கம்ப்யூட்டராம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். லேபே சிரித்ததாம்.

அடுத்த வாரம், அடித்துவைத்ததைச் சேவ் பண்ணினாளாம், அது எங்கே போனது என்று தெரியவில்லையாம். "எங்கம்மா போயிருக்கும்?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? ஜெபம் பண்ணு என்றேன்.

வகுப்பில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் எடுத்தவர்கள். லூப் என்று ஒரு பாடம் வந்ததாம். "இது உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதானே, தெரியாதவங்க கை தூக்குங்க" என்று மேடம் கேட்டார்களாம்.

"தூக்கினியா?" என்றேன்.

"யாருமே தூக்கலம்மா. நான் மட்டும் எப்படித் தூக்க?"

நல்ல காரியம் செய்தாய் என்றேன். நமக்குத் தெரியாது என்பதை நாமே ஊருக்குச் சொல்ல வேண்டுமா? மேடம் ஒரே வகுப்பில் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் அழுகை. அடிக்கிறதெல்லாம் தப்பு, தப்பு என்று சிவப்பாக வருகிறதாம். தப்பு வந்த பிள்ளை இல்லை பாருங்கள். தாங்கவில்லை அவளுக்கு.

வழி கண்டுபிடித்தது நான்தான். அவளைவிட ஒரு வருஷம் மூத்த பிள்ளையிடம் லேப் ரெக்கார்டை வாங்கி, இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அந்தச் செமஸ்டருக்கான புரோகிராம் அத்தனையும் அதில் இருக்கிறது. இதை ஏன் முதலிலேயே ஒருவரும் சொல்லவில்லை? தினமும் சாயங்காலம் அவள் போன் பண்ணுவாள். நான், "ம், சொல்லு" என்பேன். ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு தூணோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லுவாள். நான் இங்கே நோட்டில் விரலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். வரி முடிகிற இடத்தில் செமிகோலன் வர வேண்டும். நம் அரைப்புள்ளிதான். தமிழில் பிள்ளைகள் ஒருவரும் அதை மதித்துப் போடுவதில்லை; அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் அது இல்லாவிட்டால் ஆகாது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பிடித்திருந்தது. கண்டிப்பான வாத்தியார் மாதிரி.

பிடித்துப் படித்ததில் எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது கேட்டாலும் சொல்லுவேன். இன்ட் ஏ கமா பி கமா சி செமிகோலன். இஃப், அடைப்பு திற, ஏ கிரேட்டர் தேன் பி, அண்ட் அண்ட், ஏ கிரேட்டர் தேன் சி, அடைப்பு மூடு. அண்ட் இரண்டு தடவை வர வேண்டும். ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், இரண்டு தடவைதான் இருக்கிறது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர் இவ்வளவு படித்திருக்கிறாளே என்று பார்க்கட்டும்.

பெர்சிஸுக்கு அழுகை நின்றது. லேபில் மேடம் கேள்வி நம்பரைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று அடித்துவிடுவாளாம். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'ஜெராக்ஸ்' என்று வைத்திருந்தார்கள். அச்சு அசலாக எழுதுவாள் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் அதைச் சொல்லிவிட்டு ஏன் சும்மா இருந்தாள் என்றுதான் புரியவில்லை.

அப்புறம்தான் பரீட்சை. வேறு காலேஜிலிருந்து ஒருவர் வருவார், எக்ஸ்டர்னல் என்பார்கள். சீட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார்கள். இவளுக்கு வந்தது அந்த மூன்று எண் புரோகிராம். ரெக்கார்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது! எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அந்த எக்ஸ்டர்னல் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெருசு எல்லாரும் போடுவாங்க, நீ சின்னதைக் கண்டுபிடிம்மா" என்று வாயால் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

இவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாள். ஓடியது. ஒரு தப்பு இல்லை. மூன்று எண் கொடுத்தால் பெரியதை எடுத்துப் பளிச்சென்று காட்டியது.

"நான் கேட்டது சின்னதும்மா" என்றாராம் அவர்.

இவள் ஸ்கிரீனையே பார்த்தாளாம்.

"புதுசா ஒண்ணும் எழுத வேண்டாம். இதுலயே ஒரே குறியை, அது வர்ற இடத்துலெல்லாம் திருப்பிப் போட்டாப் போதும். மொத இடம் எதுன்னு விரலை வச்சுக் காட்டு, பாஸ் போட்டுடறேன்" என்றாராம்.

அவளால் காட்ட முடியவில்லை. பின்னே? இன்ட் மெயினிலிருந்து கடைசி அடைப்பு வரைக்கும் ஒரே மூச்சாகப் படித்த பிள்ளையிடம் நடுவில் ஓர் இடத்தைக் காட்டு என்றால் எப்படிக் காட்டும்? அவள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முதலிலிருந்து வாயால் ஒப்பிக்கத் தொடங்கியிருக்கிறாள். அந்த இடம் வரும்போது கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று. பிள்ளைகள் சிரித்தார்களாம். அவர் சிரிக்கவில்லையாம். கடைசி வரை கேட்டுவிட்டு, உட்காரம்மா என்று மட்டும் சொன்னாராம். இதெல்லாம் லேப் மேடம் போனில் சொன்னது. பெர்சிஸ் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை, "போச்சு".

எங்கள் வீட்டில் முதல் தடவையாக மணி அடித்துவிட்டார்கள்.

நான் காலேஜுக்கு எழுதிப் போட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்டது தவறு என்று முறைப்படி எழுதினேன். பதில் இல்லை. மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று லேப் மேடம்தான் சொன்னார்கள். சரி, இன்னும் அழுத்திப் படிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலப் போன் குறைந்துபோயிற்று. வந்தாலும், "இன்னிக்கு ஒப்பிக்கலம்மா, வேல இருக்கு" என்பாள். ஒப்பிப்பதைவிட வேறு என்ன வேலை?

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போய்விட்டேன். ஹாஸ்டல் மாடி ஏறினால், வராந்தாவில் என் மகள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ரூம்களின் வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் ஒற்றை ஒற்றையாக எடுத்து நீளமாக ஒரு வரிசை வைத்திருக்கிறாள். எதிரே நஸ்ரின். அவளுடைய ரூம் பிள்ளை, ஊட்டிப் பக்கம். பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் படித்தவள். நல்ல பிள்ளைதான், ஆனால் எந்நேரமும் சிரிப்பு.

"என்னட்டி செய்த?" என்றேன்.

பெர்சிஸ் திடுக்கிட்டு எழுந்தாள். நஸ்ரின் எழவில்லை. "ஆன்ட்டி, கரெக்டான நேரத்துல வந்தீங்க. ஒரு சின்ன சைஸ் குறையுது. உங்க செருப்பக் கழட்டுங்க" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். என்ன செய்வது, வாசல் என்றால் கழற்றத்தானே வேண்டும். அதையும் எடுத்து வரிசையில் வைத்தாள்.

"பாருங்கம்மா" என்று பெர்சிஸ் எனக்குக் காட்டினாள். "சின்னதுல இருந்து பெருசு வர அடுக்கணும். ஆனா பக்கத்துல பக்கத்துல இருக்க ரெண்ட மட்டும்தான் பாக்கணும். மொதல்ல இருக்கது பெருசா இருந்தா எடம் மாத்தணும். அடுத்த ரெண்டு. அடுத்த ரெண்டு. கடைசி வர போயிட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து."

"எதுக்குட்டி இவ்வளவு பாடு? ஒரே பார்வையில பாத்து அடுக்கிரலாமே?"

"கம்ப்யூட்டருக்கு ஒரே பார்வைன்னு ஒண்ணு கிடையாதும்மா. அது பாவம். ரெண்டு ரெண்டாத்தான் அதுக்குத் தெரியும்."

பாவமாம். கம்ப்யூட்டரைப் பார்த்து. இன்ஜினியரிங் படிக்க அனுப்பிய பிள்ளை கண்டவர் செருப்பையும் கையால் தொட்டு அடுக்கிக்கொண்டு இருக்கிறது. அதோடு விட்டதா? நஸ்ரினின் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிற புரோகிராமை எடுத்து, வேண்டுமென்றே ஒரு வரியை அழிக்கிறார்கள். "இப்ப சாவும் பாரு" என்கிறாள் அந்தப் பிள்ளை. சிவப்பாகத் தப்பு வருகிறது. இரண்டு பேரும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். சரியாக இருப்பதைக் கெடுத்துப் பார்ப்பது ஒரு படிப்பா என்று கேட்டேன்.

"எடுத்துப் பாத்தாத்தான் அது எதுக்கு இருக்குன்னு தெரியும்மா" என்றாள் என் மகள்.

அப்போது அவள் முகம் இருந்ததே, அதை எப்படிச் சொல்வது? வசனப் போட்டியில் கோப்பை வாங்கின அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. செருப்பை அடுக்கியதற்கு இவ்வளவு சந்தோஷமா? எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மறுதேர்வுக்கு முந்தின வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோயம்புத்தூரில் எங்கள் ஊர்க்காரர் வீடு ஒன்று இருக்கிறது. வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நஸ்ரின் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டாள். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரெக்கார்டு இருக்கும்போது லேப்டாப் எதற்கு?

"ம், சொல்லு" என்றேன்.

"வேண்டாம்மா."

"மறந்துட்டியா?"

"மறக்கல. மறக்கத்தான் பாக்கேன்."

கேட்டீர்களா? ஒரு செமஸ்டர் முழுக்கத் தொண்டைத் தண்ணி வற்ற ஏற்றியதை மறக்கப் பார்க்கிறாளாம்.

"இஃப்னு அடிச்சாலே மீதி தானா வந்துருதும்மா. நான் கேக்காமலே வருது. அது தலைக்குள்ள சத்தம் போட்டுக்கிட்டே இருக்கப்ப எனக்கு யோசிக்க முடியல" என்றாள்.

வரவில்லை என்றுதான் உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அழுகின்றன. இவள் வருகிறது என்று அழுகிறாள். அன்றைக்கே நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் போய்விட்டால் பெட்டியைக் கட்டு, ஊருக்குப் போவோம், டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்த்துவிடுகிறேன். உனக்கு இருக்கிற ஞாபகசக்திக்கு நல்ல டீச்சராக வருவாய். இதில் தப்பாக என்ன இருக்கிறது? நான் இல்லையா?

"நான் வர மாட்டேம்மா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இப்பத்தான் எனக்கு ஆரம்பிச்சிருக்கு."

ஆரம்பித்திருக்கிறதாம். முதல் வருஷம் முடியப் போகிறது.

பரீட்சை அன்று காலையில் அவளை லேபில் விட்டுவிட்டுக் கேன்டீன் பக்கம் போனேன். போன தடவை வந்த அதே எக்ஸ்டர்னல் அங்கே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லேப் மேடம் அடையாளம் காட்டினார்கள். நடுத்தர வயது, களைத்த முகம். நான் எதிரே போய் நின்றேன். சார், நானும் ஒரு டீச்சர் என்றேன். அப்படிச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். அவரும் பாதி எழுந்தார்.

"சொல்லுங்கம்மா."

"சார், பெர்சிஸ் எம்மக. அவளுக்கு ரெக்கார்டுல உள்ளத உள்ளபடியே கேளுங்க. மாத்தாதீங்க. மாத்தினா அவளுக்கு வராது சார்."

"கேள்வி என் கையில இல்லீங்க. சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பாங்க."

"குலுக்கட்டும் சார். வந்தத வந்தபடி விட்டுருங்க. இதுலயும் போச்சுன்னா பிள்ளைக்குப் படிப்பே போயிரும்."

நான் அழவில்லை. கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. அவர் தோசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க, போங்க. பாத்துக்கறேன்" என்றார். ஒரு தாய் வேறு என்ன செய்வாள்?

லேப் வாசலில் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்துகொண்டு பெர்சிஸ் வெளியே வந்தாள். தண்ணீர் குடிக்க விடச் சொல்லி வந்தாளாம்.

"அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. ஓடிட்டு."

நான் ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

"எண்கள வரிசைப்படுத்தச் சொல்லி சீட்டு வந்துச்சு. எல்லாருக்கும் ஏதாவது ஒண்ண மாத்திச் சொன்னார். எங்கிட்ட மட்டும், நீ அப்படியே போடும்மான்னார். ஏன் சார்னு கேட்டேன்." நிறுத்தினாள். "நீங்க போய்க் கேட்டீங்களா?"

"ஒனக்காகத்தானட்டி கேட்டேன்."

"எனக்கு அது தெரியும்மா. மாத்திக் கேட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்கும். நான் போட்டிருப்பேன்."

"போடலன்னா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாக இருந்தால் நான் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அது கோபம் இல்லை. பிறகு திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லேபுக்குக் கண்ணாடி ஜன்னல். நான் எழுந்து போய் நின்று பார்த்தேன். அவள் அந்த எக்ஸ்டர்னலிடம் போய் என்னவோ சொல்கிறாள். அவர் தலையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. லேப் மேடம் வருகிறார்கள். அவர்களிடமும் சொல்கிறாள். எக்ஸ்டர்னல் கடைசியில் தோளைக் குலுக்கிவிட்டு, பேனாவை எடுத்துச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிக் கொடுத்தார். முழு மார்க்கோடு கையில் வந்த பாஸை என் மகள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள், மேடம் பிறகு சொன்னார்கள். வரிசைப்படுத்து, ஒரே எண் இரண்டு தடவை வந்தால் ஒன்றை விட்டுவிடு. இது எந்த நோட்டில் இருக்கிறது?

நான் கண்ணாடியைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. அங்கிருந்த அட்டெண்டர் வந்து, "அம்மா, தட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணை மூடவில்லை அவள். அதைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொங்கப் போகிற பாலைப் பார்க்கிற மாதிரி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரி அடிப்பாள், நிறுத்துவாள். சிவப்பாகத் தப்பு வரும். ஒன்றல்ல, எத்தனையோ. ஒவ்வொன்றும் வரும்போது எனக்கு இங்கே மணி அடிக்கிறது. அவள் பாட்டுக்கு விரலை ஸ்கிரீனில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறாள். உதடு அசைகிறது. ஒப்பிக்கிறாள் என்று நினைத்து நானும் வாயை அசைத்துப் பார்த்தேன். இன்ட் ஏ கமா பி. இல்லை. அவள் உதடு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அவள் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லும் எனக்கு முன்னாலேயே தெரியும். அன்றைக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.

நேரம் முடிந்து எல்லாரோடும் வெளியே வந்தாள்.

"ஓடிச்சா?" என்றேன்.

"பாதிதாம்மா. கடைசி நம்பர மட்டும் விட்டுருது. ஏன்னு கண்டுபிடிச்சிட்டேன், அதுக்குள்ள டைம் முடிஞ்சிட்டு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள்! "ஒரு எடத்துல ஒண்ணு கம்மியா எண்ணிட்டேம்மா. அவ்வளவுதான்."

பாஸ் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள் மேடம். மதில்மேல் நிற்கிறதாம். முழுசாக இருந்ததைப் பாதியாக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், கேட்டால் சிரிப்பு. ரிசல்ட் வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இவள் அப்பா போனில் சொன்னார். "புள்ள சிரிச்சாளா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். சிரிச்சா, சிரிச்சா என்றேன். அவருக்கு அது போதுமாம். கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருந்தேன்; தனியாக வருகிறேன். அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இன்று காலையில் பஸ் ஏற்றிவிட வந்தாள். தண்ணீர் பாட்டிலும் பழமும் வாங்கிக் கொடுத்தாள். நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன், அடுத்த செமஸ்டர் ரெக்கார்டு பிரதி எடுத்து பேக்கில் வைத்திருக்கிறேன், இன்றைக்குச் சாயங்காலமே முதல் புரோகிராமில் இருந்து தொடங்கிவிடுவோம், போன் பண்ணு என்று.

"பண்ணுதேம்மா. தினமும் பண்ணுதேன்" என்றாள். பஸ் நகர்ந்தது. கூடவே நாலெட்டு நடந்து வந்தாள். "ஒப்பிக்க மாட்டேன். சும்மா பேசுவோம்."

சும்மா பேசுவோமாம்.

எனக்குக் கோபம் என்றுதான் இவ்வளவு தூரமும் நினைத்துக்கொண்டு வந்தேன். உங்களிடமும் கோபத்தில்தான் பேச ஆரம்பித்தேன். நான் சொல்லு என்பேன், அவள் சொல்லுவாள். தப்பினால் திருத்துவேன். தப்பாவிட்டால் நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடு என்பேன். எங்களுக்குள் பேச்சு என்றால் அதுதான். மற்ற அம்மாமார் மகள்களிடம் என்னென்னவோ பேசிக்கொண்டிருப்பார்கள், ஆராதனை முடிந்ததும் கோயிலில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேரத்தை வீணாக்குகிறார்களே என்றுதான் நினைத்திருக்கிறேன். என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. இனி போன் வரும். எடுத்தவுடன் என் வாய் தானாக, "ம், சொல்லு" என்றுதான் சொல்லும். அவள் ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு நான் என்ன கேட்பது?